புதுக்கோட்டைப் பக்கம் ஒரு சனி, ஞாயிறு

சென்னையிலிருந்து ராமேசுவரம் போகிற பெரும்பாலானோருக்குப் புதுக்கோட்டை தூக்கத்தில் கடந்துபோகிற ஊர். காரில் போகிறவர்கள் புறவழிச்சாலையில் ஒரு டீ குடித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குக் காரைக்குடி போய்விடலாம் என்று கிளம்பிவிடுவார்கள். அந்த டீக்கடையிலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே திரும்பினால் கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே வெட்டிய தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வயதான ஓவியம் இருக்கிறது. இசைப் பாடத்தையே பாறையில் எழுதிவைத்த குன்று இருக்கிறது. கருவறையை வட்டமாகக் கட்டிய கற்றளி இருக்கிறது. இவ்வளவும் வயலுக்கும் கண்மாய்க்கும் நடுவே, வாசலில் வரிசை இல்லாமல், நிதானமாகப் பார்க்கக் கிடைக்கின்றன.

கூட்டம் இந்தப் பக்கம் திரும்பாததற்குக் காரணம் உண்டு. இடங்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கின்றன. டவுன் பஸ் எப்போது வரும் என்பது அந்த ஊர்க்காரருக்குத்தான் தெரியும். மலையடிவாரத்தில் இளநீர் கிடைக்கும், இலைச்சாப்பாடு கிடைக்காது. பட்டியல் போட்டுக்கொண்டு ஒரே நாளில் ஏழு இடம் பார்க்க வருகிறவரை இந்த மாவட்டம் வெயிலில் வாட்டி அனுப்பிவிடும். காலையில் ஒன்று, வெயில் தாழ ஒன்று, நடுவில் வயிறாரச் சாப்பாடும் ஒரு தூக்கமும் என்று வருகிறவருக்கு எல்லாவற்றையும் திறந்து காட்டும். அதற்கு ஊருக்குள் ஒரு நண்பர் வீடு வேண்டும்.

சென்னையில் வங்கி வேலையில் இருக்கும் ஒருவருக்கு அப்படி ஒரு வீடு வாய்த்திருக்கிறது. திருச்சியில் ஒன்றாகப் படித்த நண்பர் இப்போது அன்னவாசல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பள்ளி ஆசிரியர். வருடக்கணக்காக, "வாடா மாப்ளே, பொங்கல் முடிஞ்சு வா, கண்மாயில தண்ணி கெடக்கும்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒரு தை மாதத்து வெள்ளிக்கிழமை இரவு வங்கிக்காரர் மனைவியையும் பத்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறிவிட்டார்.

வீட்டு வாசலில் முதலில் எதிர்கொண்டது நண்பரின் தம்பி வளர்க்கும் காளை. கொம்பு சீவி, கழுத்தில் சலங்கை கட்டி, வேப்பமரத்தில் கட்டியிருந்தார்கள். புதுக்கோட்டை வாடிவாசல்களின் மாவட்டம். தை பிறந்தால் தச்சங்குறிச்சி, விராலிமலை என்று ஊர் ஊராக ஜல்லிக்கட்டுத் தேதிகள்தான் பேச்சு. 2014-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தபோது இந்தப் பக்கத்தில் காளையை விற்கமாட்டேன் என்று வைத்துக்கொண்டு தீவனத்துக்குக் கடன் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். 2017 ஜனவரியில் மெரினாவில் கூடிய கூட்டத்துக்குப் பிறகு சட்டம் வந்தது. 2023-இல் அதே நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. தம்பி இதையெல்லாம் தேதியோடு சொன்னார். சிறுமி தள்ளி நின்றே பார்த்தாள். "பயப்படாத பாப்பா, வீட்ல புள்ளைங்க தொட்டா ஒண்ணும் செய்யாது. வாடியில விட்டாத்தான் அவன் வேற ஆளு" என்று அவள் கையைப் பிடித்துக் காளையின் நெற்றியில் வைத்தார்.

நண்பரின் அம்மாவைச் சிறுமி பத்து நிமிடத்தில் 'அப்பத்தா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். அப்பத்தா கொடுத்த காலைச் சாப்பாடு பழைய சோறு, சின்ன வெங்காயம், மோர் மிளகாய், வறுத்த கடலையில் அரைத்த துவையல். நிலக்கடலையும் உளுந்தும் இந்த மண்ணின் பயிர்கள். உளுந்து விதைக்கிற விவசாயிகளுக்கு 'வம்பன்' ரகங்கள் பழக்கமான பெயர். அந்த வம்பன், ஆலங்குடி போகிற சாலையில் உள்ள ஊர். தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் அங்கேதான் இருக்கிறது.

வெயில் ஏறுவதற்குள் சித்தன்னவாசல் போய்விடவேண்டும் என்று நண்பர் அவசரப்படுத்தினார். சரியான முடிவு. புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர். தூரத்திலிருந்து பார்த்தால் மொட்டைப் பாறைக் குன்று. மலையின் மேற்குப் பக்கத்தில் அறிவர் கோயில் என்கிற சமணக் குடைவரை, கிழக்குப் பக்கத்தில் ஏழடிப்பட்டம் என்கிற இயற்கைக் குகை. வருகிறவர்கள் பலர் ஓவியத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நண்பர் முதலில் ஏழடிப்பட்டம்தான் போகவேண்டும் என்றார். பாறை சூடேறிவிட்டால் சிறுமியால் ஏறமுடியாது.

குன்றின் மேலேறி மறுபக்கம் இறங்கினால், செங்குத்தான பாறை விளிம்பில் ஒடுக்கமான வழி. இப்போது கம்பி வேலி இருக்கிறது. அந்தக் காலத்தில் பாறையில் வெட்டிய கால்குழிகள்தான் துணை. உள்ளே நுழைந்தால் தரையில் வழவழவென்று தேய்த்த கற்படுக்கைகள், 17. ஒவ்வொன்றிலும் தலைப்பக்கம் கொஞ்சம் உயர்த்தித் தலையணை வெட்டியிருக்கிறார்கள். ஒரு படுக்கையைச் சுற்றித் தமிழ்-பிராமி எழுத்தில் கல்வெட்டு. இன்னாருக்காக இன்னார் செய்த இருக்கை என்கிற செய்தி அதில் இருக்கிறது. கி.மு. இரண்டாம், முதலாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்பது அறிஞர்கள் கணிப்பு. பக்கத்துப் படுக்கைகளில் பல நூற்றாண்டு கழித்து வந்து தங்கிய துறவிகளின் பெயர்கள். ஒரே குகை, கிட்டத்தட்ட ஆயிரம் ஆண்டு புழக்கத்தில் இருந்திருக்கிறது.

"இவ்ளோ சின்னப் படுக்கையில எப்படித் தூங்குவாங்க?" என்று சிறுமி கேட்டாள். "தூங்க மட்டும் வந்திருக்கமாட்டாங்க" என்றார் ஆசிரியர். குகை வாயிலிலிருந்து பார்த்தால் கீழே சமவெளி தெரிகிறது. இந்தக் குன்றைச் சுற்றியுள்ள நிலத்தில் கல்வட்டங்களும் தாழிப் புதைப்புகளும் நிறைய. துறவிகள் வருவதற்கு முன்பே இங்கே மக்கள் வாழ்ந்து, செத்து, அடக்கமாகியிருக்கிறார்கள்.

மேற்குப் பக்கத்து அறிவர் கோயிலைக் கோயில் என்பதைவிட ஓர் அறை என்று சொல்லலாம், அவ்வளவு சின்னது. முன்புறத்தில் நிற்கும் தூண்கள் சமஸ்தான காலத்தில் குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து வைத்தவை. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்கிற ஆசிரியர் இதைப் புதுப்பித்தார் என்று வாயில் பக்கத்துக் கல்வெட்டு சொல்கிறது. மேலே விதானத்தில் அந்தப் புகழ்பெற்ற தாமரைக் குளம்.

அண்ணாந்து பார்க்கக் கொஞ்ச நேரம் ஆகும். கண் பழகவேண்டும். முதலில் பச்சையும் சிவப்பும் கலந்த கறைகள்தான் தெரியும். பிறகு ஓர் இலை தெரியும், இலைக்கு அடியில் ஒரு மீன், அதற்கப்பால் யானை, எருமை, அன்னம். தண்ணீருக்குள் இறங்கித் தாமரை பறிக்கிற ஆட்கள், ஒருவர் தோளில் தண்டோடு பூ. தீர்த்தங்கரர் உபதேசம் செய்யும் சமவசரணத்துக்குப் போகிற வழியில், அடியார்கள் பூப்பறிக்கும் குளம் இது என்று சமண நூல்களை வைத்து விளக்குகிறார்கள். விளக்கம் தெரியாமல் பார்த்தாலும் குறைவில்லை. மழை பெய்து நிறைந்த ஊர்க் குளத்தில் ஆடுமாடு இறங்குவதைப் பார்த்து வளர்ந்த ஒருவர் வரைந்தது என்பதில் சந்தேகமே வராது. எருமை அவ்வளவு எருமையாக இருக்கிறது. தூண்களில் ஆடல் மகளிர் இருவர். இடுப்பு வளைவும் கைவீச்சும் இன்னும் மிஞ்சியிருக்கின்றன, முகங்கள் மங்கிவிட்டன. இந்த ஓவியங்களைப் பற்றி 1916-இல் வெளிவந்த புதுக்கோட்டை வரலாற்று நூலில் ராதாகிருஷ்ண ஐயர் குறிப்பிட்டார். அதன் பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. நூற்றாண்டுக் கணக்கில் நின்ற வண்ணத்தைப் பிற்பாடு வந்த மனிதர்கள் சுரண்டியும் தேய்த்தும் கெடுத்ததுதான் பெரிய சேதம். கருவறைக்குள் நின்று மெல்ல 'ம்ம்ம்' என்று முனகினால் அறை முழுக்க அந்த ஒலி அதிரும். சிறுமிக்குப் பிடித்தது அதுதான். வெளியே வரும்வரை முனகிக்கொண்டே இருந்தாள்.

மதியம் நாட்டுக்கோழிக் குழம்பு. பிறகு திண்ணையில் பாய் விரித்துத் தூக்கம். இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, அனுபவிக்க நிறைய இருக்கிறது.

நாலரைக்குக் கண்மாய்க் கரை. புதுக்கோட்டை மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது. தெற்கு வெள்ளாறு மழை பெய்தால் ஓடும். கல்லணைக் கால்வாயின் கடைமடை அறந்தாங்கிப் பக்கம் போய்விடுகிறது. அன்னவாசல் பக்கமெல்லாம் வானம் பார்த்த பூமி. அதனால்தான் மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கில் கண்மாய்களும் குளங்களும் ஊருணிகளும். கண்மாயின் உள்ளே, கரையை ஒட்டினாற்போல, இரண்டு கல்தூண்களும் குறுக்கே கல்சட்டமும் நிற்கும். விவரம் தெரியாதவர்கள் ஊஞ்சல் கட்டிய இடம் என்று நினைப்பார்கள். அதற்குப் பெயர் குமிழி. அடியில் தண்ணீர் வெளியேறும் துளை இருக்கும். மூழ்கிப் போய் அடைப்பைத் திறக்கவேண்டும். சேறும் சேர்ந்து வெளியேறுகிற மாதிரி இதை அமைத்திருக்கிறார்கள். குமிழியைச் செய்து கொடுத்தவர் பெயரைத் தூணிலேயே வெட்டிவைப்பது இந்தப் பக்கத்தில் ஆயிரம் ஆண்டுப் பழக்கம். கோயில் கட்டியவரின் பெயரைத் தேடிப் படிக்கிற நாம், குமிழி செய்தவரின் பெயரையும் நின்று படிக்கவேண்டும். ஊர் சாப்பிட்டது அவரால்தான்.

அன்று மாலை நார்த்தாமலை. திருச்சி சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் முத்துமாரியம்மன் கோயில். பங்குனித் திருவிழாவில் இந்த வட்டாரமே அங்கே திரளும். அதைத் தாண்டிப் போய் மேலமலைப் பாறையில் ஏறினால், நடுவே ஒரு சுனை, அப்புறம் கொஞ்சம் ஏற்றம், திடீரென்று சமதளத்தில் ஒரு கோயில். விஜயாலய சோழீச்சுவரம் என்று பெயர் சோழனுடையது. கட்டியவர் சாத்தன் பூதி என்கிற இளங்கோவதியரையர், முத்தரையர் குலத் தலைவர். அவர் கட்டிய கற்றளி மழையாலும் இடியாலும் சிதைய, மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்தார் என்று கல்வெட்டு இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டு. தஞ்சைப் பெரிய கோயில் எழுவதற்கு நூறாண்டுக்கு மேல் முந்தையது.

சதுரச் சுவர்களுக்கு உள்ளே வட்டமான கருவறை. விமானம் மேலே போகப்போகச் சதுரம் விட்டு வட்டத்துக்கு வருகிறது. மேற்குப் பார்த்த கோயில் என்பதால் சாயங்கால வெயில் நேரே முகத்தில் விழும், அந்த வேளையில் துவாரபாலகர்களின் ஆபரணம் ஒவ்வொன்றாக எண்ணலாம். சுற்றிலும் சின்னச் சின்னப் பரிவாரக் கோயில்கள், சிலது மட்டும் மிச்சம். எதிரே பாறையைக் குடைந்து இரண்டு குடைவரைகள். ஒன்றில் பன்னிரண்டு திருமால் உருவங்கள், கிட்டத்தட்ட ஆளுயரம், வரிசையாக நிற்கின்றன. இன்னொன்று பழியிலி ஈச்சுவரம், சிவன் கோயில். சிவனும் திருமாலும் எதிரெதிரே இல்லை, பக்கத்துப் பக்கத்தில்.

நண்பர்கள் இருவரும் பாறையில் கால் நீட்டி உட்கார்ந்து கல்லூரிக் கதை பேசினார்கள். யார் எங்கே இருக்கிறார், யாருடைய அப்பா தவறிவிட்டார், யாருக்குப் பெண் கல்யாணம். இருட்டுவதற்குள் இறங்கச் சொன்னது நண்பரின் மனைவிதான். "பேசுனது போதும், பாறை இறங்குறப்ப வாயும் காலும் ஒண்ணா ஓடாது."

இரவு மொட்டைமாடிப் பேச்சில்தான் அப்பத்தா சைக்கிள் ஓட்டிய கதை வந்தது. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். ஊர் ஊராகப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். அங்கன்வாடிப் பணியாளர்கள், கூலி வேலைக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள், ஆயிரக்கணக்கில். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டைத் தெருவில் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே பெண்கள் வாங்கினார்கள், அந்த பாரில் பிள்ளையை உட்காரவைக்க வசதி என்றும் கண்டுகொண்டார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதிய கட்டுரை பல மாணவர்களுக்குப் பாடமாகியிருக்கிறது.

அப்பத்தா எந்தக் கட்டுரையும் படித்ததில்லை. "மொதல்ல ஒருத்தன் சிரிச்சான். நான் அவன் பொண்டாட்டிக்கும் சேத்துக் கத்துக்குடுத்தேன்" என்றார். அதற்கு முன் சந்தைக்குப் போக பஸ்ஸுக்குக் காத்திருக்கவேண்டும், இல்லையென்றால் வீட்டு ஆம்பளைக்குக் காத்திருக்கவேண்டும். சைக்கிள் வந்த பிறகு தண்ணீர்க் குடம், காய்கறி மூட்டை, பிள்ளைகள் எல்லாம் அதன் மேல்தான் போயின. சென்னையிலிருந்து வந்த மருமகள் வயதுப் பெண் அந்த இரவில் அதிகம் கேட்டது இந்தக் கதையைத்தான். புதுக்கோட்டையின் வரலாறு என்று சொல்லும்போது குகையோடும் கோட்டையோடும் இந்தச் சைக்கிளையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை குடுமியான்மலை. சிகாநாதசுவாமி கோயில் வாசலில் நுழைந்ததும் நண்பர் கதையை ஆரம்பித்துவிட்டார். பூசாரி ஒருவர் சாமிக்கு வைக்கவேண்டிய பூவைத் தான் விரும்பிய பெண்ணுக்குச் சூட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்து ராஜா வந்துவிட்டார். வேறு வழியின்றி அவள் தலையிலிருந்த பூவையே எடுத்துப் பிரசாதமாகக் கொடுக்க, பூவில் ஒரு முடி. "இது யாருடைய முடி?" "சாமிக்குக் குடுமி உண்டு ராஜா." ராஜா பார்க்கவேண்டும் என்றார். பக்தனைக் காப்பாற்றச் சாமி குடுமி வளர்த்துக்கொண்டார்.

இந்தக் கோயில் மண்டபத்துச் சிற்பங்களுக்கு ஒரு காலை முழுவதும் கொடுக்கலாம். பத்துத் தலை ராவணன், ரதி, மன்மதன், நரசிம்மர் எல்லாம் தூணைவிட்டு இறங்கி நடந்துவிடுவார்களோ என்று தோன்றும். பின்னால் குன்றின் உச்சியில் அறுபத்துமூவரை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

ஆனாலும் குடுமியான்மலைக்கு உலகம் வரவேண்டியது அந்த இசைக் கல்வெட்டுக்காக. மேலைக்கோயில் என்கிற குடைவரைக்குப் பக்கத்தில், பாறைச் சரிவில், கிரந்த எழுத்தில் ஏழு பகுதிகள். ராகங்களுக்கான சுரக் கோவைகளைக் கட்டம் கட்டமாக எழுதியிருக்கிறார்கள். ருத்ராச்சாரியாரின் மாணவரான, சிவபக்தியுள்ள ஓர் அரசர் தன் மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்பது கல்வெட்டுச் செய்தி. அந்த அரசர் பல்லவன் மகேந்திரவர்மன் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள், அறிஞர்கள் பலர் அதை ஏற்பதில்லை. 7 அல்லது 8-ஆம் நூற்றாண்டு என்பதில் பெரிய தகராறு இல்லை. போர் வெற்றியும் நிலக்கொடையும்தான் கல்லில் வெட்டத் தகுந்தவை என்று இருந்த காலத்தில், ஒருவர் சுரப்பாடத்தை வெட்டச் சொல்லியிருக்கிறார். பாட்டு வகுப்புக்குப் போகிற சிறுமி கம்பிக்கு வெளியே நின்று எழுத்துகளைக் காட்டி, "இதுல ச எது?" என்று கேட்டாள். ஆசிரியர் நண்பர் தெரிந்த அளவுக்குக் காட்டினார். அவள் பார்த்துப் பார்த்துத் தன் நோட்டில் வரைந்துகொண்டாள்.

கொடும்பாளூர் மூவர் கோயிலை அடுத்த தடவைக்கு என்று ஒதுக்கிவைத்தார்கள். இரவு ரயிலுக்கு முன் திருமயம் மட்டும். கிழவன் சேதுபதி 1687-இல் கட்டிய கோட்டை, உச்சியில் பீரங்கி, நாலாபக்கமும் காற்று. கோட்டைப் பாறையின் தெற்குச் சரிவில் சிவனும் பெருமாளும் அடுத்தடுத்த குடைவரைகளில். பள்ளிகொண்ட பெருமாள் பாறையளவு நீண்டு கிடக்கிறார். 13-ஆம் நூற்றாண்டில் இந்த இரண்டு கோயில்காரர்களுக்கும் நிலம், வருமானம் பற்றிப் பெரிய வழக்கு. போசளத் தளபதி அப்பண்ணா முன்னிலையில் சபை கூடி, பங்கு பிரித்து, தீர்ப்பைக் கல்லிலும் வெட்டிவைத்தார்கள். தியாகி சத்தியமூர்த்தி பிறந்த ஊரும் இதுதான், 1887-இல்.

புதுக்கோட்டை ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஒரு புரோட்டாக் கடையில் முட்டை மாஸ் சாப்பிட்டார்கள். அப்பத்தா கட்டிக்கொடுத்த நிலக்கடலை மூட்டை வேறு.

போக நினைப்பவர்களுக்கு: கார்த்திகையிலிருந்து மாசி வரை நல்ல காலம், கண்மாயில் தண்ணீர் இருக்கும், பாறை சுடாது. சித்திரை, வைகாசியில் குழந்தைகளைப் பாறை ஏற்றவேண்டாம். குடிதண்ணீரும் தொப்பியும் கையிலேயே இருக்கட்டும். ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பக்கம் நண்பர் இருந்தால் விடுதியில் அறை போடாமல் அவர் வீட்டில் தங்குங்கள், அதுதான் அவருக்கும் சந்தோஷம். நார்த்தாமலைப் பாறையிலும் சித்தன்னவாசல் சுவரிலும் யாரும் பெயர் எழுதாதீர்கள், எழுதுகிறவரைக் கண்டால் தடுத்து நிறுத்துங்கள்.